புள்ளி மறைந்த பின்னும் சிறுநீர்ப் பரிசோதனை

தோல், மூட்டு, குடல், சிறுநீரகம் ஆகியவற்றில் ஓடும் மிகச் சிறிய ரத்தக் குழாய்கள் அழற்சி கண்டு, அவற்றிலிருந்து ரத்தம் கசிவதே ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் என்ற நோய். 2012-ல்தான் இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் ஹெனாக்-ஷோன்லைன் பர்ப்யூரா என்றார்கள். மருந்துச் சீட்டில் இன்றும் 'எச்.எஸ்.பி.' என்றே எழுதும் டாக்டர்கள் பலர். பெரும்பாலும் மூன்று வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் வருகிறது. ஐரோப்பியக் கணக்குகளின்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 10 முதல் 20 பேருக்கு வரும்.

பாதிப் பேருக்கு முதலில் ஒரு சாதாரணச் சளியோ தொண்டை வலியோ வந்து போயிருக்கும். மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் ஈரப்படலத்தைக் காப்பது ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம். இந்த நோயில் அதன் ஒரு வகை, சர்க்கரைக் கண்ணி குறைந்த உருவில் ரத்தத்தில் சேர்கிறது. அப்படிச் சேர்ந்த புரதக் கூட்டுகள் நுண்குழாய்களின் சுவரில் படிய, வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு சுவரையே சேதப்படுத்துகின்றன. எந்தக் குழந்தைக்கு ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. பெற்றோர் கொடுத்த உணவோ வளர்த்த விதமோ காரணமல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை.

கோடையைவிடக் குளிர்மாதங்களில்தான் இது அதிகம். சென்னையில் அந்த மாதங்கள் டெங்குவின் மாதங்களும்கூட. அசோக் நகரில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது ஒரு குழந்தையின் காலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் வீட்டில் முதலில் எழும் சந்தேகம் டெங்குதான், அடுத்தது அம்மை. பப்பாளி இலைச் சாறு அரைக்கப்படும், தெருமுனை லேபில் தட்டணு எண்ணிக்கை பார்க்கப்படும். எச்.எஸ்.பி.யில் தட்டணுக்கள் குறைவதில்லை. ரிப்போர்ட்டில் எண்ணிக்கை சரியாக இருப்பதைப் பார்த்து, 'ஒன்றுமில்லை, ஏதோ அலர்ஜி' என்று வீடு நிம்மதியடைகிறது. உண்மையில் தட்டணு சரியாக இருந்தும் புள்ளிகள் இருப்பதுதான் இந்த நோய்க்கான முக்கியத் துப்பு.

புள்ளிகளைப் பார்த்தே ஓரளவு பிரித்தறியலாம். முழங்காலுக்குக் கீழும் பிட்டத்திலும், சாக்ஸின் எலாஸ்டிக் இறுக்கும் இடத்திலும் அடர்ந்திருக்கும். விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் நிறம் வெளுக்காது. மாநிறத் தோலில் சிவப்பைவிடக் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும். இத்தகைய வெளுக்காத புள்ளிகளோடு கடும் காய்ச்சலும் சோர்வும் மயக்கமும் சேர்ந்தால் அது ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்றாக இருக்கலாம்; அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

முழங்கால், கணுக்கால் வீங்கிக் குழந்தை நடக்க மறுப்பதும், தொப்புளைச் சுற்றி வலி சுருட்டிப் பிடிப்பதும், சில சமயம் மலத்தில் ரத்தம் போவதும் மற்ற அறிகுறிகள். 1802-ல் வெளியான வில்லியம் ஹெபர்டனின் நூலில், வயிற்றுவலியும் ரத்த மலமும் ரத்தச் சிறுநீரும் காலில் புள்ளிகளும் கொண்ட ஐந்து வயதுச் சிறுவனின் விவரம் இருக்கிறது. 1837-ல் ஷோன்லைன் மூட்டுவலியையும் புள்ளிகளையும் இணைத்துக் காட்டினார். வயிற்றையும் சிறுநீரகத்தையும் சேர்த்தவர் அவருடைய மாணவர் ஹெனாக். சில குழந்தைகளுக்கு வயிற்றுவலி முந்திக்கொள்ளும், புள்ளிகள் சில நாள் கழித்தே வரும். அதைக் குடல்வால் அழற்சி என்று நினைத்து அறுவைச் சிகிச்சைவரை போவதுண்டு. அரிதாகக் குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும். ஸ்கேன் அதைக் காட்டிவிடும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓய்வும் பாராசிட்டமாலும் போதும், நான்கு வாரங்களில் நோய் தானாக அடங்கும். மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களுக்குள் புள்ளிகள் மீண்டும் வரலாம். கடும் வயிற்றுவலிக்கு ஸ்டீராய்டு உதவுகிறது. ஆனால் அதை முதலிலேயே கொடுத்துச் சிறுநீரகத்தைக் காத்துவிட முடியாது என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது.

உண்மையான கவலை சிறுநீரகம்தான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அது ஓரளவாவது பாதிக்கப்படுகிறது. வலி கிடையாது, சிறுநீரின் நிறம்கூட மாறாமல் இருக்கலாம். கால்கள் தெளிந்து, குழந்தை பள்ளிக்கூடம் போய் விளையாடிக்கொண்டிருக்கும்போதே சிறுநீரில் ரத்த அணுக்களும் புரதமும் ஒழுகத் தொடங்கியிருக்கும். பாதிப்பு வருவதானால் அநேகமாக முதல் இரண்டு மாதங்களிலும், ஏறக்குறைய எல்லாருக்கும் ஆறு மாதங்களுக்குள்ளும் வந்துவிடும். ஆகவே முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதந்தோறும், காலை முதல் சிறுநீரில் பரிசோதனையும் குழந்தைக்குரிய சிறிய பட்டையால் ரத்த அழுத்த அளவும் தேவை. நிறம் மாறும் சிறு பட்டியை நனைத்துப் பார்க்கும் இந்தச் சோதனை எந்த லேபிலும் மலிவாக நடக்கும். விலை உயர்ந்த ரத்தப் பரிசோதனைகளுக்குத் தயங்காத குடும்பங்கள் இதைப் பாதியில் விட்டுவிடுவது வேதனைக்குரியது.

புரதம் தொடர்ந்து அதிகமாகப் போனால் சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து, ஸ்டீராய்டோ வேறு மருந்துகளோ தொடங்குவார்கள். அந்த நிலையில் குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவர் தேவை. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அசோக் நகர் மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் போகலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டுக் குணமான குழந்தைகளுக்குப் பெரியவர்களான பிறகும் ஆண்டுக்கொருமுறை ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கப்பட வேண்டும். பெண்ணாக இருந்தால், கர்ப்பம் தரிக்கும்போது மகப்பேறு மருத்துவரிடம் இந்தப் பழைய நோயைத் தவறாமல் சொல்ல வேண்டும்.