குற்றமற்ற கைதி

செய்யாத குற்றத்திற்காகச் சிறை புகுந்த துப்பறிவாளன், மதிலைத் தாண்டி உண்மைக் குற்றவாளியைத் தேடுகிறான். சிறு செலவிலே தயாராகும் சண்டைப் படங்களுக்கு இக்கதை மிகப் பொருத்தம். பெரிய காட்சிகள் தரவேண்டிய விறுவிறுப்பை இழைக்கப்பட்ட அநீதியே தந்துவிடுகிறது. கோமாரியிற் பார்த்தாலும் கொழும்பிற் பார்த்தாலும் முடிவு ஒன்றே: நிரபராதி வெல்வான்.

வாழ்க்கையில் நீதி அத்துணை விரைந்து வருவதில்லை. திரையுலகினருக்கே நேர்ந்த வழக்கொன்று இதற்குச் சான்று. 1944இல் சென்னையில் பத்திரிகையாசிரியர் இலட்சுமிகாந்தன் கொலையுண்டார். அதன் தொடர்பில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றனர். அவர்களை மீட்டது கைவலிமையன்று, மேன்முறையீடு. இலண்டன் பிரிவிக் கவுன்சில் வழக்கைத் திருப்பியனுப்ப, 1947இல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. கிருஷ்ணன் மீண்டும் மக்களைச் சிரிக்கவைத்தார். 1959இல் மறையும்வரை பாகவதருக்கோ பழைய புகழ் திரும்பவேயில்லை.