மலையேறிய திராட்சை – 6: கல்ச்சாக்கியின் ஒயினும் உணவும்

அர்ஜென்டினாவின் வடமேற்கில், சால்டா மாகாணத்தில், ஆண்டஸ் மலையின் மடிப்புகளுக்கு நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பவை கல்ச்சாக்கி பள்ளத்தாக்குகள். பெயர்தான் பள்ளத்தாக்கு, அதன் முக்கிய ஊரான கஃபயாத்தேயே கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே மோலினோஸ் பக்கம் போனால் 2,300 மீட்டர் உயரத்திலும் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. ஊட்டியின் உயரம் அது. இன்னும் வடக்கே பயோகஸ்தாவுக்கு அருகிலுள்ள ‘அல்துரா மாக்சிமா’ தோட்டம் 3,111 மீட்டரில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய தோட்டமே அரிது.

இவ்வளவு உயரம் ஏன் என்பதற்கு விடை வெயிலில் இருக்கிறது. ஒயினுக்கான திராட்சை பொதுவாக நிலநடுக்கோட்டிலிருந்து 30 முதல் 50 பாகை தள்ளியுள்ள நாடுகளில்தான் நன்றாக வரும் என்பது பழைய கணக்கு. கஃபயாத்தே 26 பாகையில் கிடக்கிறது. சமவெளியாக இருந்திருந்தால் பழம் வெப்பத்தில் அவசரமாகப் பழுத்து, புளிப்பை இழந்து, வெறும் சர்க்கரைப் பையாகியிருக்கும். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறைகிறது. தெற்கே நகர்ந்து பெற வேண்டிய குளிர்ச்சியை இந்த ஊர் மேலே ஏறிப் பெற்றுக்கொண்டது.

பகலுக்கும் இரவுக்குமான வேறுபாடு இங்கே 20 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு. பகலில் இலைகள் சர்க்கரையைச் சேர்க்கின்றன. வெப்பமான இரவில் பழம் தன் மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் எரித்துவிடும். குளிர்ந்த இரவில் அந்த எரிப்பு மெதுவாகிப் புளிப்பு மிஞ்சுகிறது. அதனால்தான் இங்கே 14 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஒயின்கூட நாக்கில் சோர்ந்து விழுவதில்லை. மெல்லிய காற்றைக் கடந்து வரும் புற ஊதாக்கதிர் இன்னொரு வேலை செய்கிறது. அதைத் தாங்கத் திராட்சை தன் தோலைத் தடிப்பாக்கி, நிறமிகளையும் துவர்ப்புப் பொருள்களையும் கூட்டிக்கொள்கிறது. சால்டாவின் செந்நிற ஒயின்கள் மை போலக் கறுத்திருப்பது இதனால்தான்.

மழை ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்; அதுவும் பெரும்பாலும் கோடையில், ஜனவரியை ஒட்டி. எனவே பாசனம் இல்லாமல் ஒரு கொடியும் பிழைக்காது. மலையிலிருந்து இறங்கும் நீரை வாய்க்கால் வழியே பாத்திகளில் பாய்ச்சுவது பழைய முறை. புதிய தோட்டங்களில் சொட்டுநீர். வறட்சியால் ஒரு நன்மையும் உண்டு: ஈரத்தில் வளரும் பூஞ்சை நோய்கள் குறைவு, மருந்துத் தெளிப்பும் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியத் தோட்டங்களை வேரோடு அழித்த ஃபிலாக்செரா பூச்சி அர்ஜென்டினாவின் மணற்பாங்கான மண்ணில் பெரிதாகத் தலையெடுக்கவில்லை. அதனால் ஒட்டுப் போடாமல் சொந்த வேரிலேயே நிற்கும் முதிய கொடிகளை இங்கே இன்றும் பார்க்கலாம்.

கொடியை ஏற்றும் முறையில் இரண்டு கட்சிகள் உண்டு. பழைய கட்சி ‘பர்ரால்’: ஆள் உயரத்துக்கு மேல் பந்தல் போட்டு, இலைக்கூரைக்குக் கீழே குலைகளைத் தொங்கவிடுவது. கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. புதிய கட்சி, கம்பி வரிசையில் வேலிபோல நிமிர்த்தி வளர்ப்பது. 1990களில் ஏற்றுமதிச் சந்தை விரிந்தபோது பந்தலைப் பின்தங்கிய முறை என்று பலர் பிரித்தெறிந்தார்கள். செந்நிறப் பழங்களுக்கு வேலி முறை பொருந்தலாம். ஆனால் இந்த வெயிலில் வெள்ளைப் பழத்துக்குப் பந்தல் நிழல்தான் பாதுகாப்பு. நேரடி வெயில் பட்ட குலை கருகும், சாறு கசக்கும். பாட்டன்மார் காரணத்தோடுதான் பந்தல் போட்டிருக்கிறார்கள்.

அந்த வெள்ளைப் பழத்தின் பெயர் தொர்ரொந்தேஸ். அர்ஜென்டினாவின் சொந்தப் பிள்ளை. ஸ்பானியர் கொண்டுவந்த கிரியோய்யா சிக்கா என்ற எளிய செந்திராட்சையும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும் தாமாகவே கலந்து பிறந்தது என்பதை மரபணு ஆய்வு உறுதிசெய்திருக்கிறது. இதில் தமிழ் வாசகருக்கு ஓர் உறவுமுறையும் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. அதன் பெற்றோரில் ஒன்றும் இதே மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாதான். ஆகவே கஃபயாத்தேயின் வெள்ளைப் பழமும் கம்பத்தின் கறுப்புப் பழமும் ஒருவழிச் சகோதரர்கள். தொர்ரொந்தேஸ் கோப்பையில் எழும் ரோஜா, மல்லிகை, எலுமிச்சைத் தோல் மணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியோல் போன்ற பொருள்கள் அந்த மஸ்கட் வழிச் சொத்து.

மணத்தை நம்பிக் குடிப்பவர் இனிப்பை எதிர்பார்ப்பார். வாயில் அது வறண்டு, லேசான கசப்போடு முடியும். கசப்பை அடக்குவதுதான் இதைச் செய்பவரின் முழுத் திறமை. பிப்ரவரி முதலே, முழுதாகப் பழுத்துத் தளரும் முன், விடியலின் குளிரில் கையால் அறுப்பார்கள். தோலோடு அதிக நேரம் ஊறவிடாமல் மெதுவாகப் பிழிந்து, எஃகுத் தொட்டியில் 15 டிகிரியை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் நொதிக்க விடுவார்கள். வெப்பம் கூடினால் நொதித்தல் வேகமாகும், மணமும் வாயுவோடு போய்விடும். மரப்பீப்பாய் பெரும்பாலும் கிடையாது. ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டிய ஒயின் இது.

செந்திராட்சையான மல்பெக்கின் கதை வேறு. பிரான்சின் கஹோர் பகுதிக்காரரான இது, 1853இல் மிஷேல் புஷே மெண்டோசாவில் தொடங்கிய வேளாண் பண்ணை வழியாக அர்ஜென்டினாவில் வேரூன்றியது. தோலும் சாறும் சேர்ந்தே 25 டிகிரிக்கு மேல் நொதிக்க, மிதக்கும் தோல் மீது அடியிலிருந்து சாற்றை ஏற்றி ஊற்றி நிறத்தை இறக்குவார்கள். உயரத்துப் பழத்தின் தோலில் ஏற்கெனவே துவர்ப்பு மிகுதி என்பதால், அதிகம் கிளறினால் வாய் இறுகிப்போகும். பிறகு பீப்பாய். 1831இல் தொடங்கிய கொலோமே போதேகா இந்தப் பள்ளத்தாக்கின் பழமையான ஒயின் இல்லம். அல்துரா மாக்சிமாவும் அதனுடையதே. 3,111 என்ற எண் சீட்டில் அழகாக இருக்கிறது. ஆனால் அந்த உயரத்தில் உறைபனி அறுவடையையே கொண்டுபோய்விடக்கூடும். தினமும் குடிக்கத் தகுந்த நல்ல ஒயின் இன்னும் கஃபயாத்தேயைச் சுற்றித்தான் விளைகிறது.

திராட்சை வரும் முன்பே இது தியாகிதா மக்களின் மண். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஸ்பானியரை எதிர்த்து நின்றவர்கள் இவர்கள். 1660களில் தோற்ற பிறகு, கில்மேஸ் கோட்டை மக்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் புவெனஸ் ஐரெஸ் பக்கம் நடத்திச் செல்லப்பட்டார்கள். அங்கே உருவான ஊரின் பெயரில்தான் இன்று அர்ஜென்டினாவின் பிரபல பீர் விற்கிறது. கோட்டையின் இடிபாடுகள் கஃபயாத்தேயிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ளன.

சால்டா நகரிலிருந்து வர இரண்டு வழிகள். 68ஆம் எண் சாலையில் செம்பாறைகளின் ஊடே 190 கிலோமீட்டர் வருவது எளிது. கச்சி வழியாக வருவது நீளம். மூவாயிரம் மீட்டரைத் தாண்டும் கணவாய், பிறகு கள்ளிக்காடு, அதன் பின் 40ஆம் எண் மண்சாலை. உயரத்தால் வரும் தலைவலிக்கு உள்ளூர்க்காரர் கோகா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். அர்ஜென்டினச் சட்டம் அதை அனுமதிக்கிறது. மார்ச், ஏப்ரலில் இந்த வழியே வந்தால் கச்சியைச் சுற்றிச் செம்மிளகாய் காயப்போட்ட களங்களைக் காணலாம். காரத்துக்காக இல்லை, நிறத்துக்கும் மணத்துக்கும் அரைக்கும் ‘பிமெந்தோன்’ தூளுக்காக.

அந்தத் தூளும் சீரகமும் சேர்ந்ததுதான் சால்டா சமையலின் அடிமணம். மாவில் பொதிந்து மடிக்கும் எம்பனாதா இங்கே உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கத்தியால் பொடியாக நறுக்கிய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயத்தாள், முட்டை உள்ளே. மண் அடுப்பில் சுடுவார்கள். உருளைக்கிழங்கு சேர்ப்பதைப் பக்கத்து மாகாணமான துக்குமான் ஒப்புக்கொள்வதில்லை. இந்த வழக்கு தீராது. தொட்டுக்கொள்ளத் தக்காளியும் மிளகாயும் அரைத்த ‘யஹுவா’. இதற்குக் குளிர்ந்த தொர்ரொந்தேஸ் பொருந்தும். துவர்ப்பு இல்லாததால் காரத்தைத் தூண்டாது. சீரகத்துக்கு மேல் அதன் பூ மணம் தெளிவாக எழும்.

இளம் மக்காச்சோளத்தை அரைத்துச் சோள மடலில் பொதிந்து வேகவைத்தால் உமிதா. இறைச்சி வைத்தால் தமால். சோளம், பயறு, பூசணி, இறைச்சி எல்லாம் சேர்ந்து குழையும் லோக்ரோ, மே 25 தேசிய நாளின் உணவு. கஃபயாத்தேயில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பயறு வேக நேரம் பிடிக்கும். லோக்ரோ காலையிலேயே அடுப்பேறும். ஆட்டுக்குட்டி வறுவல் வந்தால் மல்பெக் திறக்கலாம்: இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ள, ஒயின் மென்மையாகிறது. சாதாரண வீடுகளில் இவ்வளவு ஆராய்ச்சி இல்லை. காலால் மிதித்துச் செய்த ‘வினோ பத்தேரோ’ மேசைக்கு வரும். ஒயினில் சோடா கலந்து குடிப்பவரையும் யாரும் முறைப்பதில்லை.

உணவின் முடிவில் கேசிய்யோ என்ற நார்நாராக இழுபடும் பாலாடைக்கட்டி, அதன் மேல் கயோத்தே பூசணியைச் சர்க்கரையில் காய்ச்சிய பாகு, வால்நட். கொடியிலேயே விட்டு வற்றவைத்துத் தாமதமாக அறுத்த தொர்ரொந்தேஸிலிருந்து செய்யும் இனிப்பு ஒயின் இதற்குத் துணை. ஊர்ச் சதுக்கத்தை ஒட்டிய கடைகளில் தொர்ரொந்தேஸ், கபர்னே ஐஸ்கிரீமும் விற்கும்.