கண்ணுக்குத் தெரியாத புரதம்

வீடுகளில் ‘சர்க்கரை’ என்று சொல்லப்படும் நோய்க்கு நூல்வழக்கில் நீரிழிவு என்று பெயர். நீர் மிகுதியாக வெளியேறுதல் என்னும் அறிகுறியைக் கொண்டு அமைந்த பெயர் இது. குருதியில் சர்க்கரை அளவுக்கு மீறிச் சேரும்போது, அதன் ஒரு பகுதி சிறுநீரோடு கலந்துவிடுகிறது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டே பண்டைய மருத்துவர் இந்நோயை அறிந்தனர். ஆயினும், இதே நோய் சிறுநீரகத்துக்குச் செய்யும் கேட்டை எறும்பு காட்டித் தராது. வலி இல்லாமையால் நோயாளரும் உணரார். அக்கேட்டை முன்கூட்டியே கண்டறிய வழிகாட்டியவருள் குறிப்பிடத்தக்கவர், டென்மார்க் நாட்டின் ஆர்ஹஸ் நகரில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் கார்ல் எரிக் மோகென்சென்.

அவருடைய பணியை விளங்கிக்கொள்ளச் சிறுநீரகத்தின் அமைப்பை முதலில் அறிய வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. மயிரிழையினும் மெல்லிய குருதிக்குழாய்கள் பந்துபோல் சுருண்டு அமைந்தவை அவை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மம் அவற்றின் வழியே வடிகிறது. அவ்வளவும் வெளியேறினால் உடல் தாங்குமா? பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டுக் குருதிக்கே திரும்புகிறது. ஓரிரு லிட்டர் மட்டுமே சிறுநீராகிறது. கழிவு இறங்க வேண்டும், புரதம் குருதியிலேயே தங்க வேண்டும். நல்ல வடிகட்டியின் இலக்கணம் இதுவே. காப்பி வடிகட்டியைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். டிகாஷன் கீழே இறங்கும். தூள் மேலே நிற்கும். துளை விரிந்துபோனால் தூளும் சேர்ந்து இறங்கிவிடும். நீரிழிவு பல ஆண்டுகள் நீடிக்கும்போது, சிறுநீரக வடிகட்டியிலும் இவ்வாறே ஆல்புமின் என்னும் புரதம் கசியத் தொடங்குகிறது.

1922ஆம் ஆண்டில் இன்சுலின் மருத்துவத்துக்கு வரும்வரை, இளமையிலேயே நீரிழிவு கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழவில்லை. இன்சுலின் அவர்களுக்கு வாழ்வு தந்தது. நோயோடு நீண்டகாலம் வாழ்ந்தபோதுதான், அவர்களுள் பலருக்குச் சிறுநீரகம் பழுதுறுவது தெரியவந்தது. 1936இல் பால் கிம்மெல்ஸ்டீல், கிளிஃபர்டு வில்சன் என்னும் இருவர், இறந்த நோயாளரின் சிறுநீரகங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, வடிகட்டிகளில் முடிச்சுப்போன்ற திரட்சிகள் இருப்பதை விளக்கினர். அரிய கண்டுபிடிப்புத்தான். ஆனால் இறந்தபின் தெரியும் செய்தி, உயிரோடு இருப்பவருக்கு எவ்வாறு உதவும்?

உயிரோடிருப்போர்க்குச் சிறுநீரில் புரதம் பார்க்கும் சோதனை இருந்தது. ஆனால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் ஆல்புமின் கசிந்தால்தான் அச்சோதனைத்தாளின் நிறம் தெளிவாக மாறும். அதற்குள் வடிகட்டிகள் பெரிதும் சிதைந்திருக்கும். அந்நிலையை எட்டியவர்க்குச் சிறுநீரகச் செயல் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும். தடுக்க வழியில்லை என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1963இல் இலண்டனில் ஹாரி கீன் என்னும் மருத்துவரும் அவருடைய துணை ஆய்வாளரும், மிகக் குறைந்த ஆல்புமினையும் அளக்கும் முறை ஒன்றை உருவாக்கினர். உடல்நலம் உள்ளவரின் சிறுநீரில் நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கும் குறைவான ஆல்புமினே வெளியேறும். ஆகவே 30 முதல் 300 வரை உள்ள இடைவெளி, பழைய சோதனைக்குத் தெரியாத ஓர் இருண்ட பகுதியாக இருந்தது. புதிய முறை அங்கே விளக்கேற்றியது. அந்தச் சிறுகசிவு எதைக் குறிக்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

மோகென்சென் அதற்கு விடை தேடினார். முதுமையை நெருங்கும் நீரிழிவு நோயாளர் மருத்துவமனைக்கு வந்தபோது, அவர்களுடைய காலைச் சிறுநீரில் ஆல்புமின் அளக்கப்பட்டது. சிறுகசிவு உடையவர்களாகக் காணப்பட்ட 76 பேரை 9 ஆண்டுகள் அவர் தொடர்ந்து கவனித்தார். கசிவு இல்லாத நோயாளரைவிட அவர்களிடையே பெருங்கசிவு மிகுதியாகத் தோன்றியது. இறப்பும் அதே வயதுடைய நலமானவர்களைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. 1984இல் வெளியான இம்முடிவு, மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது. ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து பெற்ற விடை அது. விரைந்து முடிக்கக்கூடிய ஆய்வன்று.

முன்கூட்டியே தெரிந்துகொண்டாலும் மருத்துவம் இல்லையென்றால் என்ன பயன்? அதற்கும் அவரே விடை தேடினார். குருதி அழுத்தம் மிகுந்தால் நுண்வடிகட்டிகள் மேலும் சிதையும். எனினும், அழுத்தத்தைக் குறைத்தால் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குறைந்துவிடுமோ என்னும் அச்சம் மருத்துவரிடையே இருந்தது. மோகென்சென் ஆறு நோயாளரைத் தேர்ந்து, மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அவர்களின் சிறுநீரகச் செயலை நெடுங்காலம் அளந்தார். அழுத்தம் குறைந்தபின், சிறுநீரகம் நலியும் வேகம் பாதிக்கும் கீழாகத் தணிந்தது. 1982இல் இது வெளியாயிற்று. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் ஒவ்வொருவரையும் அவருடைய முந்தைய நிலையோடே ஒப்பிட்டதால், அம்முடிவை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. கோபன்ஹேகனில் ஹான்ஸ் ஹென்ரிக் பார்விங் செய்த ஆய்வும் அதையே காட்டிற்று.

பின்னர் 1993இல் அமெரிக்காவில் 409 நோயாளரிடம் கேப்டோபிரில் என்னும் மருந்து ஆராயப்பட்டது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் நஞ்சைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மருந்து அது! இறப்பு, செயற்கைச் சிறுநீரகச் சுத்திகரிப்பு, மாற்றுச் சிறுநீரகம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேரும் வாய்ப்பை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது.

சிறுகசிவு கண்ட எல்லாருக்கும் நோய் முற்றுவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. சிலருக்கு அது இயல்புநிலைக்கே திரும்புகிறது. இன்று நீரிழிவு உடையவர்க்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரில் ஆல்புமின் பார்க்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். கைப்பிடியளவுச் சீசாவில் காலைச் சிறுநீர் இருந்தாலே போதும். காய்ச்சலாலும் கடும் உடற்பயிற்சியாலும்கூட அளவு உயரக்கூடும். ஆதலால், ஒருமுறை மிகுந்து காணப்பட்டதைக் கொண்டு முடிவு செய்வதில்லை. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூன்றுமுறை சோதித்து, இருமுறையேனும் மிகுந்திருந்தால்தான் அதனைக் கசிவு என்று உறுதிசெய்வர்.