ஒரு வட்டம், எட்டுத் துளைகள்: சி.என்.சி. மேக்ரோ

பம்பு ஃபிளாஞ்சின் போல்ட் துளைகள் ஒரே வட்டத்தின் மேல் சம இடைவெளியில் அமைகின்றன. பட்டறைகளில் இந்த வட்டத்தின் விட்டத்துக்குப் பி.சி.டி. என்று பெயர். பிஎன்16 என்ற அழுத்த வகையில், 50 மி.மீ. குழாய்க்கான ஃபிளாஞ்சுக்குப் பி.சி.டி. 125 மி.மீ., துளைகள் 4; 100 மி.மீ. குழாய்க்குப் பி.சி.டி. 180 மி.மீ., துளைகள் 8. பம்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோயம்புத்தூரில் இத்துளைகளைப் போடுவது அன்றாட வேலை. 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கிய எல்.எம்.டபிள்யூ. நிறுவனம், நூற்பு எந்திரங்களுடன் சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும்) எந்திரங்களையும் இங்கேயே தயாரிக்கிறது.

சாதாரண சி.என்.சி. புரோகிராமில் ஒவ்வொரு துளையின் இடத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். மையத்தைப் பூஜ்யமாகக் கொண்டால், 180 மி.மீ. பி.சி.டி.யில் முதல் துளை எக்ஸ்90 ஒய்0, இரண்டாவது எக்ஸ்63.64 ஒய்63.64. எட்டுத் துளைகளுக்குப் பதினாறு எண்கள். அளவு மாறினால் அத்தனையையும் மாற்ற வேண்டும்; ஓர் எண் பிசகினாலும் காஸ்டிங் ஸ்கிராப்தான்.

மேக்ரோவில் எண்களுக்குப் பதில் கணக்கு எழுதப்படுகிறது. ஃபானக் நிறுவனத்தின் சி.என்.சி. கன்ட்ரோலில் 'ஜி65 பி9010 ஆர்90.0 ஏ0 எச்8' என்ற ஒரே வரி, 9010 என்ற எண்ணில் சேமித்துள்ள மேக்ரோவை அழைக்கும். ஆர் (ஆரம்) #18 என்ற மாறியிலும், ஏ (தொடக்கக் கோணம்) #1-லும், எச் (துளை எண்ணிக்கை) #11-லும் போய் அமரும். 360-ஐ #11-ஆல் வகுத்தால் இரு துளைகளுக்கு இடையிலான கோணம் கிடைக்கும்: இங்கே 45 பாகை. ஆரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் எக்ஸ், சைனால் பெருக்கினால் ஒய். துளைகள் முடியும்வரை இந்தக் கணக்கு சுழலும். 50 மி.மீ. ஃபிளாஞ்சுக்கு மேக்ரோவைத் தொட வேண்டியதில்லை; அழைக்கும் வரியில் ஆர்62.5, எச்4 என்று மாற்றினால் போதும்.

மென்பொருளிலும் இதே முறை உண்டு. ஒரு திட்டத்தின் கோப்புறைகள், கோப்புகள் எந்த அடுக்கில் அமைய வேண்டும் என்று மேக்ரோவில் ஒருமுறை அறிவித்தால், ஒவ்வொன்றுக்குமான நிரல் வரிகளை அது விரித்துத் தரும். பெரும்பாலும் அந்த விரிவு நிரல் ஓடுவதற்கு முன்பே முடிந்துவிடும்; சி.என்.சி.யில் எந்திரம் ஓடும்போதே கணக்கு நடக்கிறது.

அதனால் விடுபட்ட அளவு வேலையின் நடுவில்தான் வெளிப்படும். ஆர் எழுத மறந்தால் கணக்கில் ஆரம் பூஜ்யமாகி, எட்டுத் துளைகளும் மையத்திலேயே விழும். ஆகவே நல்ல மேக்ரோ, #18 காலியாக இருக்கிறதா என்பதை முதலில் சோதிக்கும். காலியென்றால் #3000 மூலம் அலாரம் எழுப்பி, டிரில் இறங்குமுன் எந்திரத்தை நிறுத்திவிடும்.