கப்பலுக்கு ஏது பில்?

மீஞ்சூரிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் ஒரு முறை போய் வாருங்கள். பக்கிங்ஹாம் கால்வாயையும் உப்பங்கழியையும் தாண்டினால் காட்டுப்பள்ளி. மீனவர் குப்பங்களுக்குப் பக்கத்திலேயே கண்ணுக்கெட்டிய மட்டும் இரும்புப் பெட்டிகள்! சிவப்பும் நீலமும் பச்சையுமாக, நவராத்திரிக் கொலுப்படி மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2013-இல் இங்கே துறைமுகம் வேலை செய்ய ஆரம்பித்தது. கப்பல் தளமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண், ஒரு சீல், சுங்க இலாகாவுக்கு ஒரு கட்டுக் காகிதம். வரி கட்டாமல் ஒரு பெட்டி வாசலைத் தாண்ட முடியாது.

பெட்டியின் கதை அது. சட்டைப் பையின் கதை வேறு.

துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஓர் இளைஞர், வேலை முடிந்து டீக்கடையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிமுகமான ஆசாமி ஒருவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துகிறார்.

"தம்பி, ஃபாரின் பீஸ். கப்பல்ல வேலை செய்யறவர் கொண்டு வந்தது. டப்பா கூடப் பிரிக்கல. கடையில எண்பதாயிரம். உனக்கு ஐம்பத்தஞ்சு."

"பில்லு இருக்காண்ணே?"

"பில்லா! கப்பலுக்கு ஏது தம்பி பில்லு?"

துறைமுகம் உள்ள ஊரில் இந்தப் பேச்சு புதிதல்ல. பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் சென்னை பீச் ஸ்டேஷன் அருகே பர்மா பஜார் தோன்றியதே, அது முதல் 'கப்பலில் வந்தது' என்ற சொல்லுக்கு நம்மவரிடையே ஒரு தனி மயக்கம் உண்டு. சென்ட்டு பாட்டில், நைலான் புடவை, கடிகாரம், டேப் ரிக்கார்டர் என்று வந்த வரிசையில் இப்போது செல்போன் நிற்கிறது.

நம் இளைஞர் வாங்கிவிட்டார். சிம்மைப் போட்டார். போன் பேசுகிறது, படம் பிடிக்கிறது, ஊரில் இருக்கும் அம்மாவின் முகத்தைக் காட்டுகிறது. "வரி கட்டாத போன் என்று பயமுறுத்தினீர்களே, ஒன்றும் ஆகவில்லையே!" என்கிறார்.

உண்மைதான். நம் தேசத்தில் ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் உள்ள ஏமாற்று.

பாகிஸ்தானில் இப்படி நடக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த போனைத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் பதிவேட்டில் ஏற்றி, அதற்குரிய வரியையும் கட்டவேண்டும். கட்டாவிட்டால், கொடுத்த கெடு முடிந்ததும் போன் ஊமையாகிவிடும். துருக்கியில் 120 நாள் அவகாசம். அதற்குள் பதிவுக் கட்டணம் கட்டவேண்டும். 2024-இல் அந்தக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 31,692 லிரா! அந்தப் பணத்துக்குச் சாதாரணப் போன் ஒன்று புதிதாகவே வாங்கிவிடலாம். நம் பக்கத்து வீடான இலங்கையிலும், பதிவில் இல்லாத புதிய போன்களுக்கு இணைப்புத் தருவதில்லை என்ற ஏற்பாட்டை 2025-இல் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்து உறவினருக்குப் போன் வாங்கிப் போகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

போன் உபயோகிப்பவனிடம் வரி கேட்பதா என்று ஆச்சரியப்படுகிறீர்களா? உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், ரேடியோ லைசென்ஸ் கதை சொல்வார். 1933-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வீட்டில் ரேடியோப் பெட்டி இருந்தால் லைசென்ஸ் இருக்கவேண்டும். வருஷா வருஷம் தபாலாபீசுக்குப் போய்ப் பணம் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்கி வரவேண்டும். லைசென்ஸ் இல்லாத ரேடியோவுக்கு முதல் முறை 100 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் அகப்பட்டுக்கொண்டால் 250 வரை. அந்த நாளில் அது சில்லறைக் காசல்ல. லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் தெருமுனையில் தலையைக் காட்டினால் பாட்டு சட்டென்று நின்றுபோன வீடுகள் உண்டு. 1980-களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

செல்போனுக்கும் நம் சர்க்கார் ஒரே ஒரு முறை கதவைச் சாத்தியது. அதற்கு முதலில் அந்தப் பதினைந்து இலக்க சமாசாரத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

உங்கள் போனில் *#06# என்று அழுத்திப் பாருங்கள். ஓர் எண் தெரியும். அதுதான் ஐ.எம்.ஈ.ஐ. எண். இரண்டு சிம் போடும் போனானால் இரண்டு எண்கள். முதல் 8 இலக்கம் போனின் ஜாதகம்: எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லும். அடுத்த 6 அந்தத் தனிப் போனின் வரிசை எண். கடைசி ஒன்று, மற்ற பதினான்கும் சரிதானா என்று கணக்குப் பார்க்கும் காவற்கார இலக்கம். நீங்கள் பேசும்போதெல்லாம் உங்கள் சிம்மோடு இந்த எண்ணும் டவருக்குப் போய்ச் சேருகிறது. திருடுபோன போனைத் துப்பறிகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் நூல் இதுவே.

சில வருஷங்களுக்கு முன் சீனத்திலிருந்து மலிவுப் போன்கள் மலைமலையாக வந்து இறங்கின. அவற்றில் பலவற்றுக்கு இந்த எண்ணே கிடையாது. அல்லது வெறும் பூஜ்யங்கள். இப்படி எண் இல்லாத போன்களுக்கெல்லாம் 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு இணைப்பை நிறுத்தச் சர்க்கார் உத்தரவிட்டது. அத்தகைய போன்கள் சுமார் இரண்டரைக் கோடி என்று அப்போது மதிப்பிட்டார்கள். வாங்கியவர்கள் யார்? கொத்தனார், காய்கறிக்காரம்மா, ஆட்டோ டிரைவர். அவர்கள் மேல் இரக்கப்பட்டு, 199 ரூபாய் கட்டினால் போனுக்கு ஒரு நிஜ எண்ணைப் பதித்துத் தருகிற ஏற்பாடு ஒன்றையும் செய்தார்கள். இந்தியாவில் 'போன் பதிவுக் கட்டணம்' என்று ஒன்று இருந்ததென்றால், அதுதான். அதுவும் வரியல்ல.

ஆகவே நம் ஊரில் வரி எங்கே இருக்கிறது? எல்லையில் இருக்கிறது. கப்பல் துறையிலும் விமான நிலையத்திலும் வாங்கவேண்டியதை அங்கேயே வாங்கிவிடவேண்டும். தப்பவிட்டால் டவர் வந்து கேட்காது. இந்த முறைதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டிருக்கும்போது வரிபாக்கிக்காகப் போனை அறுப்பது நல்ல சர்க்காருக்கு அழகல்ல. ஆனால் எல்லையைத் தாண்டிவிட்டால் பாபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்களே, அது தப்பு.

வரியைக் கொஞ்சம் பார்ப்போம். வியாபாரத்துக்காக வரும் செல்போனுக்குச் சுங்க வரி 2018-இல் 20 சதவீதமாக உயர்ந்தது. 2024 ஜூலையில் 15 ஆக இறங்கியது. கடையில் வாங்கும்போது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. துபாயில் விற்பனை வரி 5 சதவீதம்தான். இந்த வித்தியாசத்தில்தான் டீக்கடை ஆசாமியின் பிழைப்பு நடக்கிறது.

துபாயிலிருந்து வரும் உங்கள் மாப்பிள்ளைக்குச் சட்டம் கொஞ்சம் சலுகை காட்டுகிறது. அவர் உபயோகித்து வரும் சொந்தச் சாமான்களுக்கு வரி இல்லை. புதுச் சாமான்களுக்கு ஒரு வரம்பு. 2016-ஆம் வருஷத்து விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு அப்போது 38.5 சதவீதம். சீல் பிரிக்காத 90,000 ரூபாய்ப் போன் என்றால், மிச்சமான 40,000-க்கு 15,400 ரூபாய் கட்டவேண்டியிருந்தது. "என் சலுகையையும் அவர் சலுகையையும் சேர்த்து ஒரே போனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று மனைவி பரிந்து பேசினாலும் நடக்காது. ஒருவர் சலுகையை இன்னொருவருடையதோடு கூட்டக்கூடாதென்று அந்த விதிகளே சொல்லின. இந்த வரம்புகளைச் சர்க்கார் அவ்வப்போது மாற்றுவதுண்டு. ஆகையால் பிரயாணத்துக்கு முன் சுங்க இலாகாவின் புது அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கப்பல்காரருக்கோ சலுகை இன்னும் குறைவு! வேலையிலிருந்து கணக்குத் தீர்த்துக்கொண்டு இறங்குகிற மாலுமிக்கு மற்றப் பிரயாணிகளைப் போலவே சலுகை. ஆனால் கப்பல் துறையில் நிற்கும்போது சும்மா இறங்கி ஊர் பார்க்க வருகிறவருக்கு, அதே 2016 விதிகளில், சாக்லேட், பாலாடைக்கட்டி, வாசனைச் சாமான் மாதிரி சில்லறைப் பரிசுகள் மட்டும், 1,500 ரூபாய்க்குள் என்றிருந்தது. ஆக, 'கப்பல்ல வேலை செய்யறவர் கொண்டு வந்தது' என்பது பெருமைப்படவேண்டிய பூர்வோத்தரம் அல்ல. பாதிக்கு மேல் அது பொய்யாகவும் இருக்கும். கப்பலே காணாத போனுக்கும் கப்பல் கதைதானே விலை கூட்டுகிறது?

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். காட்டுப்பள்ளிக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் ஸ்ரீசிட்டி. அங்கே 2015-லேயே செல்போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஐபோன்கள் உலகமெல்லாம் போகின்றன. நம் ஊர்ப் பெண்கள் கையால் பூட்டிய போன் கடல் தாண்டிப் போய், யாரோ ஒருவர் பையில் திரும்பி வந்து, 'ஒரிஜினல் ஃபாரின், தம்பி!' என்று நம்மிடமே விலை பேசப்படலாம். சுங்க அதிகாரிக்கு அது நிஜமாகவே ஃபாரின் சரக்குதான். எந்த ஊரில் செய்தது என்று அவர் பார்ப்பதில்லை. எந்தப் பக்கமிருந்து உள்ளே வந்தது என்றுதான் பார்ப்பார்.

நிஜ ஃபாரினிலும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. 2022-க்குப் பிறகு வந்த அமெரிக்க ஐபோன்களில் சிம் செருகும் இடமே கிடையாது. ஜப்பானில் விற்கிற போன்களில் பல படம் எடுக்கும்போது 'க்ளிக்' என்று சத்தம் போடும். கல்யாண வீட்டில் பரவாயில்லை, தூங்குகிற குழந்தையைப் படம் எடுக்க உதவாது.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது வேறு. சுங்கச் சட்டம், வரி ஏய்த்துக் கொண்டுவந்தவனை மட்டும் பார்க்கவில்லை. பறிமுதலுக்கு உரிய சரக்கு என்று தெரிந்தோ, தெரிந்திருக்க நியாயம் இருந்தோ வாங்கி வைத்துக்கொள்பவருக்கும் அபராதம் உண்டு என்கிறது 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு. பில் இல்லாத, டப்பா பிரிக்காத போனை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர், 'எனக்குத் தெரியாதே!' என்று சொல்லலாம். கேட்கிறவர் நம்பவேண்டுமே? ஆசாமி 55,000-ஐ வாங்கிக்கொண்டு போய்விட்டார். போன் இளைஞரிடம் இருக்கிறது. அதோடு கேள்வியும் அவரிடம் இருக்கிறது.

அது களவுப் போனாக இருந்தால் இன்னும் மோசம். திருட்டுப் போனின் எண்ணை அழித்து வேறு எண்ணைப் பதிக்கிற கைங்கரியக்காரர்கள் இருக்கிறார்கள். 2020 ஜூனில் மீரட் போலீசார் ஒரே எண்ணைச் சுமந்துகொண்டு 13,000-க்கு மேற்பட்ட போன்கள் உலாவுவதைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்றைக் கொண்டு எவனாவது குற்றம் செய்தால், மற்ற அத்தனை பேருக்கும் தலைவலிதான். எண்ணைத் திருத்துவதற்கு 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் 3 வருஷம் வரை சிறையும் 50 லட்ச ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது.

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த 55,000-ஐச் சேர்த்தவருக்கு இதெல்லாம் பெரிய விஷயம். அதற்குப் பரிகாரமோ மிகச் சுலபம். போனைக் கையில் வாங்கியதும், பணத்தை எடுப்பதற்கு முன், *#06# அழுத்துங்கள். திரையில் வரும் எண்ணும் டப்பாவில் அச்சடித்த எண்ணும் ஒன்றுதானா பாருங்கள். பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்தப் பதினைந்து இலக்கத்தையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். சர்க்காரின் பதிவேட்டிலிருந்து பதில் வரும். சஞ்சார் ஸாத்தி என்ற சர்க்கார் தளத்திலும் இதைப் பார்க்கலாம். 'தடை செய்யப்பட்டது' என்றோ, 'ஏற்கனவே உபயோகத்தில் உள்ளது' என்றோ, 'இரட்டை எண்' என்றோ பதில் வந்தால், டீக்குக் காசு கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். உங்கள் போனே காணாமற்போனாலும் இதே தளத்தில்தான் அதை முடக்கவேண்டும். போலீஸ் புகாரின் நகலோடு, வாங்கிய பில்லையும் அங்கே கேட்பார்கள். கப்பலில் வந்த போனுக்கு எதைக் காட்டுவது?

இன்னொன்று. 14422-இலிருந்து வரும் பதில் போன் நிஜமா, களவா என்பதைத்தான் சொல்லும். வரி கட்டியாயிற்றா என்று சொல்லாது. அதற்குச் சாட்சி கடைக்காரர் கொடுத்த பில். அல்லது விமான நிலையத்தில் வரி கட்டியவரிடம் இருக்கும் சுங்க ரசீது. இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்.