உங்களுக்குத் தெரியுமா? பி.எம்.ஐ. ஒன்று, கொழுப்பு வேறு

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யட்கின் இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். உடல் கொழுப்போ முன்னவருக்கு 21.2 சதவீதம், பின்னவருக்கு 9.1. 2004இல் 'லான்செட்' இதழில் வெளியான இந்த ஒப்பீடு சொல்வது இதுதான்: கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பி.எம்.ஐ. கணக்கு, தசை எது, கொழுப்பு எது என்று அறியாது. குறைந்த எடையிலேயே இந்தியர்களுக்குக் கொழுப்பு சேர்வதால், இங்கே 25 அல்ல, 23லேயே எச்சரிக்கை தொடங்குகிறது.

அப்படியானால் பி.எம்.ஐ.யே வேண்டாமா? வேண்டும், செலவில்லாத முதல் சோதனை அது. ஆனால் அதுவே தீர்ப்பாகாது. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களும் எடையோடு வயிற்றுச் சுற்றளவையும் அளக்கட்டும்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.