டிபி மாத்திரை ஏன் ஆறு மாதம்? கிருமியின் மெழுகுச் சட்டை சொல்லும் பதில்!

இருமல் நின்றுவிட்டது, பசி எடுக்கிறது, எடையும் ஏறுகிறது. அப்புறமும் டிபி மாத்திரையை ஏன் ஆறு மாதம் சாப்பிட வேண்டும்? பதில், அந்தக் கிருமி போட்டிருக்கும் சட்டையில் இருக்கிறது.

அது ஒரு மெழுகுச் சட்டை. மைக்கோலிக் அமிலம் என்ற மிக நீளமான கொழுப்பு அமிலங்களால் ஆனது. சளிப் பரிசோதனையில் சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலம் விட்டுக் கழுவினாலும் டிபி கிருமியின் சிவப்பு போகாது. காரணம் இந்தச் சட்டைதான்.

இந்தக் கொழுப்புச் சங்கிலிகளில் மெத்தில் ஒட்டுவதற்கென்றே கிருமியிடம் ஒரு நொதிக் குடும்பம் உண்டு. மெத்தில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். குடும்பத்தில் ஒன்றான 'பிசிஏஏ' நொதி, அந்தக் கார்பனைச் சங்கிலியில் சேர்த்து ஒரு குட்டி முக்கோண வளையமாக்கிவிடும்.

இத்தனூண்டு வளையத்தால் என்ன ஆகிவிடப் போகிறது? 2000-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அந்த நொதி இல்லாத கிருமியை உருவாக்கிப் பார்த்தார்கள். கயிறு போல முறுக்கிக்கொண்டு வளரும் குணமே அதற்குப் போய்விட்டது. எலிகளின் உடலில் முதலில் பெருகினாலும், நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

டிபி சிகிச்சையில் பெரிய தலைவலியே இந்தத் தாக்குப்பிடித்தல்தான். பெரும்பாலான கிருமிகள் ஆரம்ப வாரங்களிலேயே செத்துவிடும். மந்தமாகப் பதுங்கிக் கிடக்கும் மிச்சத்துக்காகத்தான் மற்ற மாதங்கள்.

இந்தச் சட்டையைக் குறிவைக்கும் மருந்துகளின் கதையில் நம்ம சென்னையும் உண்டு. மாம்பலத்தில் எழும்பூர் பக்கம் போகும் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சேத்துப்பட்டு. அங்கிருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. டிபி என்றாலே சானடோரியம் என்று இருந்த காலம் அது. வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகலாம், அதனால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்று 1959-ல் இவர்கள் உலகுக்குக் காட்டினார்கள். அதில் கொடுத்த ஐசோனியாசிட், கொழுப்புச் சங்கிலியை நீளவே விடாது. நூலே இல்லாதபோது எம்பிராய்டரி ஏது?

கூடவே கொடுத்த பிஏஎஸ் மருந்தைத் தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். அதற்குப் பதிலாக, விலை குறைந்த தயாசெட்டசோனையும் 1960-களில் இங்கே சோதித்தார்கள். அது வளையம் போடும் நொதிகளைத் தடுக்கிறது என்று 2007-ல் ஒரு ஆய்வு சொன்னது. சங்கிலியை நீட்டும் வேறொரு நொதிதான் முக்கிய இலக்கு என்றன பின்னால் வந்த ஆய்வுகள். அதற்குள் மருந்தே ஓரங்கட்டப்பட்டிருந்தது. எச்ஐவி உள்ளவர்களுக்கு அது கடுமையான தோல் பாதிப்பை உண்டாக்கியதுதான் காரணம்.

ஐசோனியாசிட் மட்டும், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரும் ஆறு மாத மாத்திரையில் இன்றும் இருக்கிறது.